மலேசியாவுக்குத் தாம்பரம் வழியாக

குடும்பத்தோடு மலேசியா போகலாம் என்று முதலில் சொன்னவள் என் மகள். அவளுக்கு வேலை நிரந்தரமான கையோடு அந்த ஆசை வந்துவிட்டது. நான், என் கணவர், மகள், கணவரின் அக்கா என்று நாலு பேருக்கும் டிக்கெட் போட்டாள். செங்கல்பட்டில் எங்கள் தெருவிலிருந்து வேலைக்காக வெளிநாடு போனவர்கள் உண்டு. சும்மா சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர்கள் யாரும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். மற்ற டீச்சர்களிடம் இந்தச் செய்தியைச் சொன்ன அன்று என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டது.

எனக்கு விமானத்தில் பயமில்லை, எஸ்கலேட்டரில்தான் பயம்.

தம்பி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க சென்னைக்குப் போனபோது வந்த பயம் அது. கடை எஸ்கலேட்டரில் ஏறி மேலே போய்ச் சேரும் இடத்தில் என் புடவைக் கரை பல்லுக்குள் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க உள்ளே போனது. நான் கத்திய கத்தலில் யாரோ ஓடிவந்து மிஷினை நிறுத்தினார்கள். கடைக்காரப் பெண் கத்தரி கொண்டுவந்து கரையை வெட்டி என்னை விடுவித்தாள். அத்தனை பேர் பார்க்க, கிழிந்த புடவையோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் படிக்கட்டு எங்கே என்றுதான் முதலில் கேட்பேன்.

இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அண்ணிக்கும் தெரியும். அண்ணி என்று நான் கூப்பிடுவது கணவரின் அக்காவை. வீடு கோவளத்தில். மாமல்லபுரத்தில் சங்கும் பாசிமணியும் விற்கிற கடை வைத்திருக்கிறார். புருஷன் போன பிறகு ஒண்டியாக நின்று கடையை நடத்துகிறவர். வெள்ளைக்காரர்களிடம் அவரவர் பாஷையிலேயே பேரம் பேசுவார். அந்த வாய் என்னிடமும் சும்மா இருந்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு இழுபறி இருந்துகொண்டே இருந்தது.

பயணத்தைப் பற்றிப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் அவர் வீட்டில் கூடினோம். வஞ்சிரம் வறுத்து, நெத்திலிக் குழம்பு வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் மகள் சொன்னாள்: "அங்க ஏர்போர்ட், ரயில் ஸ்டேஷன் எல்லாமே எஸ்கலேட்டர்தான். அம்மாவுக்குத்தான் கஷ்டம். எங்கயாச்சும் லிப்ட் தேடிக்கலாம்."

அண்ணி மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இன்னாத்துக்குத் தேடிகினு? ஒரு வீல்சேர் சொல்லிடு. மகாராணி மாதிரி குந்திகினே வரட்டும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். எப்படியாவது இதைப் பழகிவிடுவது என்று அங்கேயே தீர்மானித்தேன்.

அடுத்த சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறித் தாம்பரத்தில் இறங்கினேன். அங்கே மேம்பாலத்துக்கு ஏறிப்போகிற எஸ்கலேட்டர் ஒன்று இருக்கிறது. எதிரே போய் நின்றேன். தரைக்குள்ளிருந்து படிகள் முளைத்து முளைத்துப் போய்க்கொண்டிருந்தன. ஒரு படிக்காகக் காலைத் தூக்குவேன், அதற்குள் அது போய்விடும். அடுத்ததற்குத் தூக்குவேன், அதுவும் போய்விடும். "போறதுன்னா போம்மா, இல்லாட்டி வழி வுடு" என்று பின்னாலிருந்து ஒரு ஆள் கத்தினார். வழி விட்டுவிட்டு அடுத்த ட்ரெயினில் வீடு திரும்பினேன்.

அந்த வாரம் தையல் வகுப்பில் புதிதாக ஒரு பெண் மிஷினில் உட்கார்ந்தாள். ஊசியையே பார்த்துக்கொண்டு, மிதிக்காமல் உறைந்துபோய் இருந்தாள். எல்லாப் பெண்களுக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னேன்: "ஊசியப் பாக்காத. துணி போற வழியப் பாரு." சொல்லி முடித்ததும் எனக்குத் தாம்பரம் ஞாபகம் வந்தது. நான் அங்கே ஊசியைத்தானே பார்த்துக்கொண்டு நின்றேன்!

மறு சனிக்கிழமை புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, கொசுவத்தில் பின் குத்திக்கொண்டு போனேன். முன்னால் ஒரு அம்மா ஏறினார். படியைப் பார்க்காமல் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே கைப்பிடியைப் பற்றிக் காலை வைத்தேன். வைத்தது தெரிந்தது, மேலே போவதும் தெரிந்தது. முடிகிற இடத்தில் எட்டிக் காலை வைத்துவிட்டேன். புடவை பத்திரமாக இருந்தது. அங்கேயே சத்தம் போட்டுச் சிரிக்கவேண்டும் போலிருந்தது.

இன்னொரு தரம் ஏறலாம் என்று படிக்கட்டு வழியாகக் கீழே வந்தபோதுதான் பார்த்தேன். தூண் ஓரமாக, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எஸ்கலேட்டரை முறைத்தபடி அண்ணி நின்றிருந்தார்.

"அண்ணி! நீங்க எங்க இங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ இன்னாத்துக்கு வந்த?"

"நான் இதுல ஏறிப் பழக வந்தேன்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு, கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வந்து இன்னொரு பஸ் மாறி, யாருக்கும் தெரியாமல் வந்ததாகச் சொன்னார். வந்து ரொம்ப நேரமாகிவிட்டதாம். "கட்டுமரத்துலகூடப் போயிருக்கேன், தெரியுமா? அப்பகூடப் பயந்ததில்ல. இது இன்னாடான்னா காலுக்குக் கீழயே ஓடிகினு கீது. அன்னிக்கு உன்ன வீல்சேர்ல குந்தவெச்சா, தொணைக்கு நானும் லிப்டுல வந்துடலாமேன்னுதான் அப்டி பேசிட்டேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும் வந்தது. தாம்பரம் ஸ்டேஷனில் தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு அவர் கையைப் பிடித்தேன். "கீழ பாக்காதீங்க அண்ணி. முன்னால போறாரே, அந்த ஆளோட சட்டையப் பாருங்க. கால வெய்யுங்க!"

வைத்தார். மேலே போகும் வரைக்கும் என் கையை நசுக்கிக்கொண்டே வந்தார். இறங்கும் இடத்தில் ஒரே தாவாகத் தாவி, கொய்யாப்பழக் கூடையோடு போய்க்கொண்டிருந்தவர் மேல் மோதினார். அவர் திட்டியது அண்ணி காதில் விழவே இல்லை. "இன்னொரு தபா!" என்றார்.

எஸ்கலேட்டரில் ஏறுவதும் படிக்கட்டில் இறங்குவதுமாக இருந்தோம். இதைக் கவனித்துக்கொண்டிருந்த ரயில்வே போலீஸ்காரப் பெண் ஒருவர் கிட்டே வந்தார்.

"இன்னாம்மா, நானும் பாக்கறேன், ஏறிகினும் எறங்கிகினும் கீறீங்க. எந்த ஊருக்குப் போவணும்?"

"மலேசியாவுக்கு" என்றார் அண்ணி.

"தாம்பரத்துல இருந்தா?"

விஷயத்தைச் சொன்னோம். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, எஸ்கலேட்டர் அடியில் நின்றுகொண்டு, எங்களுக்குப் பின்னால் முண்டியடித்தவர்களைக் கையை நீட்டி நிறுத்திவைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் அண்ணி கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு தனியாக ஏறினார். வீட்டில் மூச்சு விடுவதில்லை, ஏர்போர்ட்டில் நேராகச் செய்தே காட்டிவிடுவது என்று டீக்கடையில் பேசி முடித்தோம்.

ஆனால் கிளம்புகிற அன்று சென்னை ஏர்போர்ட்டில் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிய மகள், வண்டியோடு எங்களையும் லிப்டுக்குள் தள்ளிவிட்டாள். "இதுக்கா நாம அவ்ளோ பேஜாரு பட்டோம்?" என்று அண்ணி என் காதில் முணுமுணுத்தார். அங்கே கடைசிவரை எங்களுக்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. விமானம் மேலே எழும்பியபோது என் கணவர்தான் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இருவரும் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோலாலம்பூரில் பாஸ்போர்ட் பார்க்கும் வரிசையில் நானும் அண்ணியும் முன்னால் வந்துவிட்டோம். கணவரும் மகளும் வேறு வரிசையில் பின்தங்கினார்கள். பெட்டிகள் கீழ்த்தளத்தில் என்று ஒரு அம்மா கை காட்டினார். போனால், எஸ்கலேட்டர்.

ஆனால் அது இறங்குகிற எஸ்கலேட்டர். தாம்பரத்தில் நாங்கள் பழகியது ஏறுவதற்கு மட்டும்தான். இங்கே பார்த்து ஏற ஒரு முதுகுகூட முன்னால் இல்லை. எதிரே வெறும் பள்ளம்.

"இன்னாமே இது, கிணத்துல எறங்கற மாதிரி கீது" என்றார் அண்ணி. "அவங்க வரட்டும், நிக்கலாம்."

நானும் ஒரு அடி பின்வாங்கினேன். ஆனால் திரும்பி நடக்க மனசு வரவில்லை. கீழே தூரத்தில் மஞ்சளாக ஒரு போர்டு தெரிந்தது. அதில் கண்ணை நிறுத்தினேன். இடது கையால் அண்ணியின் கையைப் பற்றினேன்.

"அந்த மஞ்சள் போர்டப் பாருங்க அண்ணி. வாங்க."

காலை வைத்தேன். அண்ணியும் வைத்தார். போர்டு மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அடியில் தரை வந்ததும் இருவரும் ஒன்றாகக் கால் எடுத்து வைத்தோம். யாரும் தாவவில்லை. யார் மேலும் மோதவில்லை.

எங்கள் பெட்டிகள் சுற்றி வந்தபோது நாங்களே இழுத்து வண்டியில் ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் மேலே கணவரும் மகளும் தெரிந்தார்கள். லிப்ட் பக்கம் ஓடுவதும், திரும்பி வருவதும், யாரையோ விசாரிப்பதுமாக இருந்தார்கள். அண்ணி இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, மாமல்லபுரத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறவர்களைக் கடைக்குக் கூப்பிடுகிற குரலில் கூவினார்:

"டேய் தம்பி! இங்க கீறோம்! சீக்கிரம் எறங்கி வா!"

அந்த ஏர்போர்ட்டே திரும்பிப் பார்த்தது. என் மகள் எங்களையும் எஸ்கலேட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பெட்டி வண்டியை வெளியே போகும் வழிப் பக்கமாகத் திருப்பினேன்.