அக்கா சொல்லித்தராத கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெல்லாவெளியிலிருந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். தம்பி என்றால் சின்னப் பிள்ளை இல்லை, முப்பத்து நான்கு வயது. அறிவு வளர்ச்சிதான் கொஞ்சம் குறைவு. ஆனால் ஓட்டமென்றால் ஓட்டம்! வயல் வட்டைக்குள் மாடு இறங்கிவிட்டால் விரட்ட ஊரே அவனைத்தான் கூப்பிடும்.

அவனைப் போன்றவர்களுக்கென்று நகரில் ஓட்டப் பயிற்சி நடக்கிறது. வயது தடையில்லை, அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாக டொக்டர் எழுதித் தந்தால் போதும் என்றார்கள். படிவம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு வாரமாக அவனுக்குப் பாடம் எடுத்தேன். பெயர், ஊர், இன்றைக்கு என்ன கிழமை, பத்திலிருந்து ஒன்று வரை எண்ணுவது. பதில் சொல்லத் தெரியவில்லை என்றுதானே சின்ன வயதில் அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பினார்கள்? கேட்டதற்குச் சரியாகச் சொன்னால்தான் எங்கேயும் சேர்ப்பார்கள் என்று என் மரமண்டையில் பதிந்துபோயிருந்தது.

டொக்டர் ஓர் இளம் பெண். அவர் கேட்டதெல்லாம் நான் படிப்பித்ததுதான். தம்பி டக் டக்கென்று சொல்லச் சொல்ல எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரோ பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

“எல்லாம் வடிவாச் சொல்றாரே அக்கா. குறைபாடு எண்டு நான் எப்பிடி எழுதுற?”

ஐயோ! அவனை வைத்துக்கொண்டே ‘இவனுக்கு ஒன்றும் தெரியாது’ என்று எந்த வாயால் சொல்வேன்?

டொக்டர் இன்னொன்று கேட்டார். “தம்பி, வீட்டில ஆருமில்லாத நேரம் நெருப்புப் பிடிச்சா என்ன செய்வீங்க?”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “அத அக்கா இன்னும் சொல்லித்தரல்லயே.”

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் கொட்டினேன்.

“இது பாஸ் பண்ற சோதினை இல்லக்கா. அவர் அவராவே இருக்கட்டும்” என்று என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

கனநேரம் கழித்து, கையெழுத்து வைத்த படிவத்தோடு தம்பி வந்தான். என் கண்ணைத் துடைத்துவிட்டான்.

“அழாதக்கா. எனக்குக் கனக்க விசயம் தெரியாதெண்டு நானே சொல்லிட்டன். ஓடலாமாம்.”

அதைச் சொல்ல அவனுக்கு ஒரு வெட்கமும் இருக்கவில்லை. இத்தனை வருடமும் வெட்கப்பட்டதெல்லாம் நான்தான் என்று நினைக்கும்போது, இன்றைக்கும் அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.