மழைக்கு முன் சொல்ல வேண்டியது

"நான் இங்கேயே பிள்ளையைப் பெறட்டுமா, இல்லை மழை தொடங்க முன்னம் அம்மாவிடம் போகட்டுமா?"

வடக்கு உகண்டாவிலிருந்து ஒரு தாதி என்னிடம் கேட்டது இது. இன்னும் நான் நேரான பதில் சொல்லவில்லை. அவள் எங்கே போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லலாமா என்பதுதான் தெரியவில்லை.

நான் ரொறன்ரோவில் ஓர் அபிவிருத்தி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தென் சூடான் போரிலிருந்து ஓடிவந்தவர்கள் வாழும் குடியேற்றம் ஒன்றில் நாங்கள் ஒரு தாய்சேய் நிலையம் நடத்துகிறோம். நாங்கள் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நடத்துவது அவள். நான் டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்ட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, கிழமைக்கு ஒருமுறை காலையில் வீடியோவில் அவளோடு பேசி, மருந்து வந்ததா, அம்புலன்ஸ் ஓடுகிறதா என்று கேட்டு மேலிடத்துக்கு எழுதுகிறவள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆங்கிலத்தில்தான் பேசுவோம். என்னை 'சிஸ்டர்' என்பாள். என் மகன் மடியில் ஏறித் திரையைத் தட்டினால், தன் வயிற்றைக் காட்டி, "உன் தம்பி நித்திரை, சத்தம் போடாதே" என்று வெருட்டுவாள்.

அவளுடைய முதல் பிள்ளை சிசேரியனில் பிறந்தது. எங்கள் அம்புலன்ஸ்தான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இந்த முறையும் தேவைப்படலாம். அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் மண் ரோட்டில் ஓரிடத்தில் ஆறு குறுக்கே ஓடுகிறது. மழைக்காலத்தில் எங்கள் அம்புலன்ஸ் மட்டுமே அதைக் கடக்கும். அவளுடைய அம்மாவோ ஆஸ்பத்திரி உள்ள நகரத்திலேயே இருக்கிறார்.

அவள் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் எங்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. பணம் தருகிற அரசாங்கம் இனித் தராது. வெளிநாட்டு உதவியைக் குறைத்துப் பாதுகாப்புச் செலவைக் கூட்டுகிறார்களாம். இந்த மழைக்காலத்திலேயே நிலையம் மூடப்படும், அம்புலன்ஸ் திருப்பி எடுக்கப்படும். ஆனால் அந்த அரசாங்கம் உகண்டா அரசுக்கு முறைப்படி அறிவிக்கும்வரை களத்தில் இருப்பவர்களுக்கு மூச்சும் விடக்கூடாது. கேட்டால், "பரிசீலனையில் இருக்கிறது" என்று சொல்ல வேண்டும்.

என் மேலதிகாரி மோசமானவர் அல்ல. இன்னொரு நாட்டில் செய்தி முன்னமே கசிந்ததும் பணியாளர்கள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள், பிரசவத்துக்கு வந்த பெண்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள் என்று அவர் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே, மழைக்கும் நிலையம் இருக்கும்தானே என்று அவள் கேட்டபோது, "பரிசீலனையில் இருக்கிறது" என்றேன்.

அவள் சிரித்தாள். "சரி சிஸ்டர். உள்ளே இருப்பவனையும் பரிசீலனையில் இருக்கச் சொல்கிறேன்."

அன்று பின்னேரம் வீட்டில் இதைச் சொன்னேன். மார்க்கம் நகரில் வேலை முடிந்து வந்த கணவர் சப்பாத்தைக் கழற்றியபடியே, "நீர் ஏன் உதுக்குள்ள தலையைப் போடுறீர்? வேலை போச்சுதெண்டால் வீட்டு மோர்கேஜ் ஆர் கட்டுறது?" என்றார்.

அவருடைய அம்மா, என் மாமி, அடுப்படியில் தேங்காய்ப்பூவைத் தாச்சியில் பிரட்டிக்கொண்டிருந்தார். "உங்கட ஒபிஸ் ஆக்கள் மழை பெய்யிறதுக்கும் மீட்டிங் வைப்பினம் போல," என்றார். பிறகு, "உதை நீ ஏன் பிள்ளை அவளுக்கு நேர சொல்லோணும்? செத்தவீட்டுச் செய்தியை நாங்கள் நேரயே சொல்லுறனாங்கள்? பக்கத்து வீட்டுக்கு எடுத்துச் சொல்லன்."

மாமி சொன்னது எங்களவர்களுக்குப் புரியும். ஊரில் ஏதும் நடந்தால் அழைப்பு முதலில் உரிய வீட்டுக்கு வராது. பக்கத்து வீட்டுக்கோ நெருங்கிய சினேகிதிக்கோதான் வரும். அவர்கள் வந்து, ஒன்றும் சொல்லாமல் இருந்து, தேத்தண்ணி ஊற்றுவார்கள். வேளையில்லாத வேளையில் அவர்கள் வாசலில் நிற்பதைக் கண்டதுமே வீட்டுக்காரருக்கு விளங்கிவிடும். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு அது நல்ல வழியாகப் பட்டது. உத்தரவையும் மீறவில்லை, அவளையும் கைவிடவில்லை. தாதிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு ரீச்சர் இருக்கிறார். எங்கள் வீடியோவுக்குள் அடிக்கடி தலையை நீட்டி என் மகனுக்குக் கை காட்டுகிறவர். மறுநாள் அவரை அழைத்தேன். "அவளோடு கொஞ்சம் இருங்கள். மழைக்கு முன்னம் அம்மாவிடம் போகச் சொல்லுங்கள். நான் சொன்னதாக வேண்டாம்," என்றேன். ஏன் என்று கேட்டார். "அவளுக்கு அதுதான் நல்லது," என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அவருக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

அங்கே விளங்கியது வேறு.

தேர்தல் காலத்தில் அந்தப் பகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் வந்து, நிலையத்தை அரசாங்கம் பொறுப்பெடுக்கப்போகிறது என்று பேசி, வாசல் கேற்றில் தன் படத்தையும் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். நிர்வாகம் கைமாறினால் பதவிகள் வென்றவரின் ஆட்களுக்குத்தான் போகும் என்று தாதியே முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் அதை எழுதி மேலே அனுப்பியும் இருக்கிறேன். ஆனால் ரீச்சரை அழைத்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வீடியோ அழைப்பில் அவள் சீருடை போட்டு, முதுகை நிமிர்த்தி இருந்தாள். மகன் கை காட்டினான். அவள் பார்க்கவில்லை.

"என்னுடைய கதிரையில் யாரைப் போடப்போகிறீர்கள்?" என்றாள். "எம்.பி.யின் மருமகளையா?"

"அப்படி ஒன்றும் இல்லை."

"பிறகு ஏன் என்னை அனுப்பப் பார்க்கிறீர்கள்? ரீச்சருக்குப் பொய் சொல்லத் தெரியாது, சிஸ்டர். யார் சொன்னது என்று கேட்டதும் அழுதுவிட்டார்."

"உங்கள் பிள்ளைக்காகத்தான் சொன்னேன்."

"என் பிள்ளைக்கு இங்கே நிலையம் இருக்கிறது, அம்புலன்ஸ் இருக்கிறது. நான் நகரத்துக்குப் போய்த் திரும்பி வந்தால் கேற்றுக்குள் விடுவார்களா? நான் ஓரிடமும் போகமாட்டேன்."

அம்புலன்ஸ் இருக்கிறது என்று அவள் சொன்னபோது நான் மறுத்திருக்கலாம். மகன் மேசையில் பாலை ஊற்றிவிட்டான். அதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் அழைப்பைத் துண்டித்திருந்தாள். துடைக்காமல் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் படுகிறது.

நான் வன்னியில் படித்த பிள்ளை. போரின் கடைசிக் காலத்தில் வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் அங்கிருந்து வெளியேறியபோது, போகவேண்டாம் என்று சனம் அவர்களின் கேற்றடியில் நின்றது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். அவர்கள் போகத்தான் போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தபோது வாகனங்களில் சாமான்கள் ஏற்றப்பட்டிருந்தன. இந்த வேலைக்கான நேர்முகத்தில் இதைச் சொன்னேன். உன்னைப் போன்றவர்கள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார்கள். அந்த அலுவலகங்களுக்குள் யாரோ ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். அவருக்கும் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருந்திருக்கலாம்.

இந்தக் கிழமை அவள் வீடியோவுக்கு வரவில்லை. உதவியாளரை அனுப்பியிருந்தாள். மழை தொடங்கிவிட்டது, ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, மோட்டார் சைக்கிள்கள் இன்னும் கடக்கின்றன என்று அந்தப் பெண் சொன்னாள். தாதியின் கால்கள் வீங்கியிருக்கின்றனவாம். மேலதிகாரியிடம் மறுபடி கேட்டேன். அறிவித்தல் இன்னும் போகவில்லை, இன்னும் கொஞ்சம் பொறு என்றார்.

நேரே சொன்னால் என் வேலை போகலாம். அது ஒரு பயம். அவள் சொல்லி மற்றப் பணியாளர்களும் கிளம்பினால், அங்கே பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் என்ன ஆவார்கள் என்பது இன்னொரு பயம். எல்லாவற்றையும் விட, இனி நான் எதைச் சொன்னாலும் அவள் நம்பமாட்டாளே என்பதுதான் என்னைத் தின்கிறது. கணவர் பேசாமல் இருக்கச் சொல்கிறார். மாமி இப்போது இந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

இதை வாசிக்கும் உங்களில் சிலர் கேற்றுக்கு வெளியே நின்றிருப்பீர்கள், சிலர் உள்ளே வேலை செய்திருப்பீர்கள். நான் அவளிடம் சொல்லலாமா? சொல்வதென்றால், என்னை நம்பாத ஒருத்தி அந்த ஆற்றைக் கடக்கும்படி எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். தண்ணீர் ஏறுவதற்குள் எழுதுங்கள்.