தட்டச்சுக்காரி சிந்து

தீபத் திருவிழா நடக்கும் பத்து நாளும் எங்கள் ஊரில் பாட்டு விற்பார்கள். ரோஸ், பச்சை, மஞ்சள் என்று மெல்லிய தாளில் அச்சடித்து நாலாக மடித்த சிந்து. தொட்டால் விரலில் மை ஒட்டும். எங்கேயோ நடந்த கொலை, கவிழ்ந்த பஸ், அண்ணன் தம்பி வெட்டுக்குத்து எல்லாம் அதில் பாட்டாக இருக்கும். தேரடிப் பக்கம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நின்று விற்றார்கள். அவர் டேப் மேளம் அடிக்க, அந்த அம்மாள் பாடுவாள். கூட்டத்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கத் தொடங்கும் நேரம் பார்த்துச் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். மீதிக் கதை தெரியவேண்டுமென்றால் கால் ரூபாய் கொடுத்துத் தாளை வாங்கவேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எந்தக் கதையையும் பாதியில் விட முடியாத பெண் நான். ராட்டினத்துக்கென்று அம்மா கொடுத்த காசு அங்கேதான் போனது.

அந்த வருஷத்துப் பாட்டு ‘தட்டச்சுக்காரி தண்ணீரில் மாண்ட சிந்து’. மேலே தலைவிரிகோலமாக ஒரு பெண்ணின் படம். போன வருஷச் சிந்தில் மாமியார் கொளுத்திய மருமகளும் அதே பெண்தான். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பாட்டு இப்படித் தொடங்கும்:

மலையடிவாரத் தெருவிலே மாடிவீட்டுப் பொண்ணுங்க
தட்டச்சு கத்துக்கிட்ட தாமரப்பூ கண்ணுங்க

டைப் கிளாஸ் போகிற பஸ்ஸில் கண்டக்டரோடு பழகி, அண்ணன் சம்மதிக்காததால் அவள் வீட்டை விட்டுப் போகிறாள். அதோடு அந்த அம்மாள் நிறுத்தியிருந்தாள். தாளின் கடைசிப் பக்கத்தில், கைவிடப்பட்டவள் சாத்தனூர் அணையில் விழுகிறாள்.

சடைநெறய பூவோட சாத்தனூரு தண்ணியில
மெதந்துவந்த மேனியத்தான் மீட்டெடுக்க நாதியில்ல

அரை நாளில் முழுப் பாட்டும் எனக்கு மனப்பாடம்.

எங்கள் வீட்டிலும் தர்மபுரி வண்டியில் ஏறி டைப் கிளாஸ் போனவள் ஒருத்தி இருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை. திரும்பி வரும்போது என் பெயரைத் தாள் நிறைய அடித்துக் கொண்டுவந்து தருவாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் போனவள் வரவில்லை. பம்பாயில் வேலை கிடைத்துவிட்டது என்றாள் அம்மா. அப்பா கூடத்துச் சுவரில் இருந்த அத்தையின் படத்தைக் கழற்றினார். பம்பாய்க்கு அனுப்பத்தான் கழற்றுகிறார் என்று நினைத்தேன். அதன் பிறகு அவள் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அத்தை பம்பாயில் இருக்கிறாள். இந்தப் பெண்ணோ சாத்தனூரில் செத்துப்போனவள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவுக்குத் தேரடித் தெருவில் பாத்திரக்கடை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார். அன்றைக்கு அவர் இலைக்கு முன் உட்கார்ந்திருந்தபோது, நான் கூடத்தில் நின்று கை அபிநயத்தோடு பாடினேன். கரண்டியும் கையுமாக ஓடிவந்த அம்மா என் வாயைப் பொத்தினாள்.

“விடு. பாடட்டும்” என்றார் அப்பா.

முழுவதும் கேட்டார். பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

“அந்தக் கடைசி அடிய இன்னொரு வாட்டி பாடும்மா.”

பாடினேன். அப்பா என்னை இரண்டாம் முறை பாடச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் சாப்பிடாமலே கை கழுவிவிட்டு, இதை எங்கே வாங்கினாய், வந்து காட்டு என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

திருவிழாக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. தேரடியில் பாட்டு விற்கிறவரிடம் தாளை நீட்டி, அந்தப் பெண் அணையில் விழுந்ததை யார் பார்த்தது என்று கேட்டார். விற்கிறவர் பயந்துபோய் மனைவியைப் பார்த்தார். பாட்டுக் கட்டுவது அவள்தான்.

“யாரும் பாக்கலீங்க” என்றாள் அவள். “டீக்கடையில பேசிக்கினாங்க, ஒரு பொண்ணு ஓடிப்போச்சுன்னு. எங்கியோ நல்லா இருக்குதுன்னு எழுதுனா யாருங்க வாங்குவாங்க? அதான் அணையில தள்ளிட்டேன்.”

அப்பா சண்டைக்கு நிற்பார் என்றுதான் அவள் எதிர்பார்த்திருப்பாள். அவர் பக்கத்துப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, மிச்சமிருந்த தாள்களையெல்லாம் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பாட்டு அவருக்கு இவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அங்கிருந்து நேராக பஸ் ஸ்டாண்டு. அணையைப் பார்க்கத்தான் கூட்டிப்போகிறார் என்று முடிவு செய்துகொண்டேன். தர்மபுரி வண்டிகளின் கண்டக்டர்கள் ஒவ்வொருவரிடமும் போய், ஒரு ஆளின் பெயரைத் தணிந்த குரலில் சொல்லி விசாரித்தார். இரண்டு பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது ஆள் போண்டா தின்றுகொண்டிருந்தார்.

“அவரா? இப்ப ஓசூர்ல கீறாருங்க. ஆடி மாசம் பொண்ணு பொறந்துச்சு. தாயும் புள்ளையும் சௌக்கியம். நீங்க யாருங்க அவருக்கு?”

அப்பா கக்கத்துத் தாள்களை இறுக்கிக்கொண்டார். பிறகு, “மச்சான்” என்றார்.

எங்களுக்கு ஓசூரில் உறவு யாரும் கிடையாது. அப்பா பொய் சொல்லிக் கேட்டது எனக்கு அதுவே முதல் முறை, வெட்கமாக இருந்தது.

மறுநாள் அந்தத் தாள்கள் வெந்நீர் அடுப்பில் எரிந்தன. தை பிறந்ததும் அப்பாவும் அம்மாவும் ஓசூருக்குப் போனார்கள். திரும்பி வரும்போது அத்தையும் அவள் புருஷனும் குழந்தையும் கூட வந்தார்கள். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எனக்கு வேறு கவலை.

“அணைக்குப் போற பஸ் எதுப்பா?” என்று கேட்டேன்.

“அங்க போவத் தேவையில்லம்மா” என்றார்.

நடுத்தெருவில் நின்று அழுதேன். திட்டவில்லை, ஒன்பது வயதுக் கழுதையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வீடு வரும்வரை துண்டால் தன் முகத்தைத் துடைத்தபடியே நடந்தார். பாவம், அவருக்கும் அணையைப் பார்க்க ரொம்ப ஆசையாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, என் அழுகையை நான் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.