அரைக்கட்டை இறங்கிய பியானோ

எழுபது வயதைத் தாண்டிய பிறகு இரத்தினசிங்கம் ஒரு இடத்துக்குப் போட்டி போட்டார். நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கிளப்பில், வெள்ளிக்கிழமைகளில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் புளூஸ் இசை வாசிக்கும் பாண்ட் ஒன்று இருந்தது. அதில் பியானோக்காரரின் கதிரை காலியாகிவிட்டது. அது அவருக்கு வேண்டும்.

கேட்கத் தகுதி இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பு ஹோட்டல்களில் அந்த இசையை வாசித்த தமிழர் மிகச் சிலர். அவருடைய இடது கையைப் பார்க்கவென்றே ஆட்கள் பியானோவுக்குப் பக்கத்து மேசையைக் கேட்டு வாங்குவார்கள். அந்தக் கை ஒரே தாளத்தில் உருண்டுகொண்டிருக்க, வலது கை தன் இஷ்டத்துக்குக் குறும்பு செய்யும். சுவரொட்டியில் பாடகரைவிடப் பெரிய எழுத்தில் அவர் பெயர் வந்த வருடமும் உண்டு. எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு பாண்டும் இல்லை, ஊரும் இல்லை. ஒக்லாந்துக்கு வந்து மனுரேவாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஓய்வு பெற்றதும், மகள் நிருஜா வாங்கிக்கொடுத்த கீபோர்டில் விரல்களை மறுபடி பழக்கினார்.

பாண்டின் தலைவர் விரேமு, மாவோரிப் பூர்வகுடிக்காரர், சாக்ஸபோன் வாசிப்பவர். வியாழன் மாலை வந்து வாசித்துக் காட்டச் சொன்னார். கிளப்பின் பழைய பியானோவின் சுருதி அரைக்கட்டை இறங்கியிருக்கிறது, கம்பியை இறுக்கினால் அறுந்துவிடும், ஆகவே கீபோர்டைக் கொண்டுவாருங்கள் என்றார். இரத்தினசிங்கம் சமையலறையில் தொங்கிய யாழ்ப்பாணத்துக் கலண்டரைப் பார்த்தார். புதன் சரஸ்வதி பூசை, வியாழன் விஜயதசமி. பூசையில் வைத்ததை வியாழன் காலையில் எடுத்துவிடலாம். சம்மதித்தார்.

கலண்டர் ஊர் நேரத்துக்குக் கணித்தது. ஒக்லாந்தில் சூரியன் முந்தி உதிப்பதால் திதி ஒரு நாள் தள்ளி வந்தது; கோவிலில் பூசை வியாழன்தான். மனைவி இராசமலர் கோவில் சொல்லும் நாளையே பார்ப்பவள். அன்று காலை அவர் நடந்துவிட்டு வந்தபோது கீபோர்ட் சாமிப்படத்துக்கு முன்னால், சந்தனமும் குங்குமமுமாக இருந்தது.

"இஞ்சருங்கோ, இனி நாளைக்குக் காலமைதான் தொடலாம்," என்றாள்.

நிருஜா இலத்திரனியல் பொறியியலாளர். பொட்டைத் துடைத்துவிட்டு எடுத்துப் போகலாம், சரஸ்வதி கோபிக்கமாட்டா என்றாள். சின்ன வயதில் அவள் பூசையில் வைத்த புத்தகத்தை எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டவர் இரத்தினசிங்கம்தான்.

"உனக்கொரு சட்டம், எனக்கொரு சட்டமோ? அங்க கிடக்கிற பியானோவில வாசிக்கிறன். அதை ஒருத்தரும் பூசையில வைக்கேல்லை."

"அப்பா, சாக்ஸபோன் அரைக்கட்டை இறங்காது."

"அப்ப நான் ஏறுறன்."

ஏறுவதென்றால் எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை மேலே தள்ளி வாசிக்க வேண்டும். விரல்கள் பழகிய இடங்களில் வெள்ளைக் கட்டை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். நிருஜா வாதத்தை விட்டாள். பிரவுண் கடதாசியை மேசையில் விரித்து, அடிமட்டம் பிடித்துக் கட்டைகளை உண்மை அளவில் வரைந்தாள். அவர் மத்தியானம் முழுவதும் அதன்மேல் வாசித்தார்.

"படிக்கக் கூடாத நாளில அப்பாவும் மகளும் செய்யிற வேலையைப் பார்," என்றாள் இராசமலர்.

"சத்தம் வரேல்லைத்தானே," என்றார் அவர்.

கிளப்பில் முதல் பாட்டிலேயே வழுக்கினார். இடது கை பழைய இடங்களுக்கே போய்விட்டது. சாக்ஸபோனோடு முட்டிய சத்தத்தில் பாரில் நின்றவர்கள் திரும்பினார்கள். விரேமு கையைத் தூக்கி நிறுத்தினார். கீபோர்டைக் கொண்டுவரச் சொன்னேனே என்றார், கோபமில்லாமல். வாசலில், அடுத்து வாசித்துக் காட்ட வந்தவர் தன் கீபோர்டோடு காத்திருந்தார்.

இரத்தினசிங்கம் எழும்பவில்லை. மறுபடி தொடங்குவோம், இன்னும் வேகமாக என்றார். மெதுவாகப் போனால் கை யோசிக்கும். யோசித்தால் பழைய வழிக்குத் திரும்பும். வேகத்தில் அதற்கு நேரம் கிடைக்காது.

டிரம்ஸ் தொடங்கியது. இடது கை உருண்டது. இரண்டு இடத்தில் விரல் தடுமாறியது; கை நிற்கவில்லை. பாரில் ஒருவர் கிளாஸை வைத்துவிட்டுக் கிட்ட வந்தார். பாட்டு முடிந்ததும் விரேமு அடுத்ததைத் தொடங்கினார். அதற்கும் இரத்தினசிங்கம் தயாராக இருந்தார்.

வாசலில் நின்றவரும் நன்றாகத்தான் வாசித்தார். கதிரை இரத்தினசிங்கத்துக்குக் கிடைத்தது. கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரம்வரை அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய செத்தவீட்டுக்கு விரேமு வந்தார். அந்தக் கதிரைக்கு வேறு ஆள் இன்னும் தேடவில்லை என்று நிருஜாவிடம் சொன்னார்.