தலைகீழாக ஓடிய கேம் பெட்டி

கேம் பெட்டியைக் கவிழ்த்து வைத்தால்தான் ஓடும் என்று மாமா சொன்னபோதே எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. உலகத்தில் எந்தச் சாமானாவது கவிழ்த்து வைத்தால் ஓடுமா? ரேடியோ பாடுமா? அடுப்பு எரியுமா? எனக்கு அப்போது பத்து வயது. என்னை யாரும் அவ்வளவு லேசில் ஏமாற்றிவிட முடியாது என்று எனக்குள்ளே ஒரு பெருமை வேறு.

அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அப்பா, நான், அம்மாவின் தம்பியான மாமா, மூன்று பேர்தான். குவைத்திலிருந்து ஊர் திரும்பிய ஒரு அக்காவிடம் அம்மா அந்தக் கேம் பெட்டியைக் கொடுத்தனுப்பினாள். டீவியில் செருகி, சீடி போட்டு விளையாடுவது. கையில் பிடிக்க இரண்டு ரிமோட்டும் இருந்தன. ஒரு பழைய போர்வையில் சுற்றி வந்தது. “புதுசும்மா. கடையில வாங்குனது. அட்டைப்பெட்டி எடத்த அடைக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டேன்” என்று போனில் சொன்னாள். மறுநாளே பள்ளிக்கூடத்தில் ஒரு ஆள் விடாமல் சொல்லியாயிற்று. என் அம்மா எனக்குப் புதுக் கேம் வாங்கி அனுப்பியிருக்கிறாள் என்று, கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொன்னேன்.

ஆனால் நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் மாமா அதைப் பிரித்து டீவியோடு மாட்டி வைத்திருந்தார். எனக்கு வந்த சாமானை இவர் ஏன் முதலில் தொட வேண்டும்? அப்போதே அதைக் குறித்துக்கொண்டேன். கார்ப் பந்தயம் ஜோராக ஓடியது. பத்தே நிமிஷம். பிறகு வளைவில் போன கார் அப்படியே நின்றது, டீவி நீலமாகிவிட்டது.

அன்றிலிருந்து மாமாவின் வைத்தியம் தொடங்கியது. சீடியில் பற்பசை தடவிச் இடுப்பில் கட்டியிருந்த சாரத்து நுனியால் துடைத்தார். மூடியை அழுத்திப் பிடிக்கச் குளிக்கும் சவர்க்காரத்தின் அட்டையை மடித்துச் சொருகினார். உள்ளே வாயை வைத்து ஊதினார். எச்சில் தெறித்தது. கடைசியில் இரண்டு தேநீர்க் கோப்பைகளின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். என்ன மாயமோ, ஓடியது! நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. புதுச் சாமான் எதற்காகத் தலைகீழாக நிற்க வேண்டும்?

“ஏன் மாமா நேரா ஓட மாட்டேங்குது?”

“நம்ம குளிரு அதுக்கு ஒத்துக்கலடி. வெயில் ஊருல இருந்து வந்துருக்குல்ல. பழகணும்.”

கேட்டீர்களா பதிலை! கல்யாணம் கட்டி வந்த புதுப்பெண்ணுக்குச் சொல்வது மாதிரி.

சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே அதற்குச் சாட்சியாக வந்து நிற்கும். எங்கள் லயத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் போன் தெளிவாகக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அங்கே போய் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவோடு பேசுவோம். ஆனால் மாமா மட்டும் இடையில் இரண்டு மூன்று தடவை தனியாக ஏறிப் போனார். என்னைக் கண்டதும், “சரிக்கா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டார். என் அம்மாவிடம் எனக்குத் தெரியாமல் இவருக்கு என்ன பேச்சு? உள்ளே இருந்த நல்ல பாகங்களைக் கழற்றி அவருடைய கூட்டாளிகள் யாருக்கோ கொடுத்துவிட்டு, அம்மாவிடம் பொய் சொல்லிச் சமாளிக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

முடிவு கட்டினால் போதுமா? அம்மா விட்டுப் போன சிவப்புக் கியூடெக்ஸ் நகப்பூச்சு அலமாரியில் பாதி காய்ந்து கிடந்தது. பெட்டியின் அடியில் இருந்த நான்கு திருகாணிகளின் தலையிலும், யாராவது கழற்றினால் காட்டிக்கொடுக்கட்டும் என்று, ஒரு சொட்டு வைத்தேன். இரண்டாம் நாள் பார்த்தால் நான்கும் உடைந்து உதிர்ந்திருந்தன. திருடன் அகப்பட்டான்! ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஒன்று சேரட்டும் என்று இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மாமா வேலைக்குப் போகும்போது கேம் பெட்டியைத் துவாயில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். நான் தூங்குவது மாதிரி கிடந்து எல்லாவற்றையும் பார்த்தேன். மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனேன். மாமாவுக்கு அங்கே தேயிலை உலர்த்தும் இயந்திரத்தடியில்தான் வேலை. வெளியே மழையும் மிஸ்டு மூட்டமும், உள்ளே அனல். கதவோரம் நின்று எட்டிப் பார்த்தால், அந்த இயந்திரத்துக்குப் பக்கத்துப் பலகையில், வெந்நீரில் குளித்த பிள்ளை மாதிரி துவாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என் கேம் பெட்டி.

“மாமா! என்ன பண்ணுறீங்க?”

அவர் திடுக்கிட்டுத்தான் போனார். பிறகு சிரித்துக்கொண்டே சோற்றுப் பாத்திரத்தை வாங்கினார். “ஈரம் ஏறிப் போச்சுடி உள்ள. இம்புட்டுக் கொழுந்தே காயுது, இது காயாதா? அப்பாகிட்ட சொல்லிடாத.”

அப்பாவிடம் சொல்லாதே என்கிறார்! இதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்று சாயங்காலம் பெட்டி ஒரு மணி நேரம் முழுசாக ஓடியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மாமா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வளைவில் திரும்பும்போதெல்லாம் தானும் சாய்ந்து, “அடி சக்கை!” என்று தொடையைத் தட்டினார். நான் அவரோடு சேர்ந்து சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் போட்டால் உயிரே இல்லை. தூக்கிக் குலுக்கினேன். மெத்தை விரிப்பில் கறுப்பாகத் தேயிலைத் தூசி கொட்டியது. அவ்வளவையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தொட்டிப் பக்கம் போனோம். அம்மா ‘நல்லா இருக்கியாடி’ என்று கேட்டு முடிப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். “அம்மா, நீ அனுப்புன புதுக் கேம மாமா கெடுத்துட்டாரும்மா. திருகாணியக் கழட்டிட்டாரு. பெக்டரியில கொண்டுபோயி அவிச்சுட்டாரு. உள்ள பூராத் தேயிலைத் தூசி!” காகிதத்தை விரித்து அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அப்பா மாமாவை ஒரு முறை பார்த்தார். பிறகு போனைக் கிட்டே எடுத்தார். “ஏ புள்ள, நீ நல்ல சாமானத்தானே அனுப்புன?”

சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன், அறுந்திருக்கவில்லை.

“ஆமாங்க” என்றாள் அம்மா, ரொம்பச் சின்னக் குரலில். “போட்டுப் பாத்துத்தான் அனுப்புனேன்.”

மாமா தொட்டிச் சுவரில் படிந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். “ஆமாங்க மச்சான். நான்தான் சும்மா கெடக்காமக் கழட்டப் போயி கெடுத்துட்டேன்.”

“அவ அங்க அடுத்தவன் வீட்டுக் கக்கூஸக் கழுவி அனுப்புறா” என்று அப்பா கத்தினார். “நீ அத வச்சு வெளையாட்டுக் காட்டுறியா? இனிமே எம் பிள்ள சாமான்ல கை வைக்காத!” மாமா அந்த வாரமே கூட்டாளி ஒருவரின் லயத்துக் காம்பராவில் தங்கப் போய்விட்டார். திரும்பி வர மூன்று மாதம் ஆனது. பெட்டியை நானும் கவிழ்த்துப் பார்த்தேன், போர்த்திப் பார்த்தேன், எச்சில் தெறிக்க ஊதியும் பார்த்தேன். அது பிறகு ஓடவே இல்லை.

நான் ஓ.எல் பரீட்சைக்குப் படிக்கும்போது அம்மா ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தாள். ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே அவளாகத்தான் சொன்னாள். “அது அந்த வீட்டுப் பிள்ளைங்க குப்பையில போட்டதுடி. ஓடாதுன்னு தெரியும். ஆனா உங்கிட்ட புதுசுன்னு சொல்லிப்புட்டேன். எப்படியாச்சும் ஓட வச்சுருடா, பிள்ள மொகம் வாடக்கூடாதுன்னு தம்பிகிட்ட மட்டும் சொல்லிக் கெஞ்சுனேன்.”

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் ஜெயித்துவிட்ட கொண்டாட்டத்தில் இருந்தேன். மாமா தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார். போனுக்குள் அம்மா விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். பாவம், ஆசையாக வாங்கியது பாழாய்ப் போன துக்கம் என்று நினைத்து, அப்பாவின் கையிலிருந்த போனை வாங்கி, அவளுக்கு நானே ஆறுதல் சொன்னேன்.

“அழாதம்மா. மாமாவ இனிமே நம்ம வீட்டுப் பக்கமே விட மாட்டேன்.”