காலியாகக் கிடந்த கம்பி

1936 நவம்பர் 12, வியாழக்கிழமை, பிற்பகல் 3.41. தூறல், வடகிழக்குக் காற்று. வில்லியனூர் தொலைபேசி அறையில் நான் குமாஸ்தா. புதுச்சேரி, பாகூர், மண்ணாடிப்பட்டு மூன்றுக்கும் எங்கள் இணைப்புப் பலகை வழியாக ஒரே கம்பி. ஓர் ஊருக்குப் பேசினால் மற்ற இரண்டும் காத்திருக்க வேண்டும்.

முன்பெல்லாம் சத்தம் போடுபவருக்கே கம்பி. கரும்புத் தோட்டக்காரர் ஒருவர் ஐம்பத்திரண்டு நிமிடம் வெல்ல விலை பேசினார். அந்தச் சண்டைகளை ஒழிக்க நான்தான் அட்டவணை போட்டேன். ஒவ்வொரு மணிநேரத்திலும் முதல் இருபது நிமிடம் புதுச்சேரி, அடுத்த இருபது பாகூர், கடைசி இருபது மண்ணாடிப்பட்டு. ஒன்பது மாதம் சண்டையே இல்லை. எனக்குப் பெருமைதான்.

அன்று பாகூர்ப் பக்கத்துக் குருவிநத்தத்து விவசாயி ஒருவர் நனைந்தபடி வந்தார். ஆற்றில் மேற்கே வெள்ளம் புறப்பட்டதாகச் சந்தையில் கேள்விப்பட்டிருக்கிறார். அவருடைய உழவு மாடுகள் இரண்டும் ஆற்றுத் திட்டில் கட்டிக் கிடந்தன. பாகூருக்குச் சொன்னால் அங்கிருந்து சைக்கிளில் ஓர் ஆள் போய் அவிழ்த்துவிடலாம்.

“பாகூர் முறை இப்பதான் முடிஞ்சுது. இனிமே 4.20க்கு.”

“இன்னா சார், கம்பி சும்மாதானே கெடக்குது?”

“இது மண்ணாடிப்பட்டு நேரம். அவங்க கூப்பிட்டா?”

புதுச்சேரி முறைக்காகப் பெஞ்சில் இருந்த அரிசிக்கடை பாய் சிரித்தார். “யாரும் ஏறாத வண்டிக்கு எடம் புடிச்சு வச்சிருக்காரு. நீ குந்துப்பா.”

அவர் உட்காரவில்லை. “கட்டிப்போட்ட மாடு சார். நீந்தக்கூட முடியாது.”

ஒருவருக்காக உடைத்தால் நாளைக்குக் கரும்புக்காரர் வந்து நிற்பாரே என்று பயந்து, சுவரில் இருந்த அட்டவணையைக் காட்டினேன். மண்ணாடிப்பட்டு கூப்பிடவே இல்லை. நான்கு மணிக்கு பாய் மூன்று நிமிடம் பேசினார். மீதி முப்பத்தாறு நிமிடமும் கம்பி காலி. கடிகாரத்தைப் பார்த்து நானே எண்ணினேன்.

4.20க்குப் பாகூரைப் பிடித்தோம். சைக்கிள்காரர் கரைக்குப் போய்ச் சேர்ந்தது ஐந்து மணிக்கு. 4.45க்கே திட்டு முழுகிவிட்டதாம். ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு கரையேறியது. மற்றது போயிற்று.

மறுநாள் அட்டவணையின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: முறைக்காரர் ஒரு நிமிடத்தில் அழைக்காவிட்டால் கம்பி காத்திருப்பவருக்கு. ஆறே சொல். அதனால் ஒரு சண்டையும் வரவில்லை. முன்பே எழுதியிருக்கலாம்.

ஒற்றை மாட்டை வைத்து ஏர் பூட்ட முடியாது. அந்த விவசாயி என்னிடம் நஷ்டஈடு கேட்கவில்லை. நானே இரண்டு சந்தை அலைந்து, மிஞ்சிய மாட்டுக்கு உயரமும் கொம்பும் பொருந்துகிற இன்னொன்றை என் காசில் பிடித்துக் கொடுத்தேன். மாடு நாற்பத்தாறு ரூபாய், தரகு ஒரு ரூபாய், மூக்கணாங்கயிறு ஒரு பணம், அதாவது ரூபாயில் எட்டில் ஒரு பங்கு. ஆக நாற்பத்தேழு ரூபாய் ஒரு பணம்.