ரசமட்டத்தின் கைரேகை

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கட்டடம் கட்டுகிற இடத்தில் யாரைக் கேட்டாலும் ரசமட்டம் என்றால்தான் தெரியும். டைல்ஸ் பதிக்கிறவன். மற்றவர்கள் ரசமட்டம் என்கிற, மட்டம் பார்க்கிற கருவியை வைத்து, குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக் கண்டுபிடிக்கிற மேடுபள்ளத்தை இவன் விரலால் தடவியே சொல்லிவிடுவான். கையுறை மட்டும் ஆகவே ஆகாது. "கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கச் சொல்றியா?" என்று எரிந்து விழுவான். இத்தனை வருடமாகச் சிமெண்ட் அந்த வெறும் விரல்களைத் தின்றுகொண்டிருந்தது. தின்றால் தின்னட்டும் என்று அவனும் விட்டுவிட்டான். ரேகை போனால் என்ன, ஜோசியமா பார்க்கப் போகிறான்?

விரலுக்கு முன்னால் முட்டி மக்கர் பண்ணியது. நாள் முழுக்க மண்டிபோட்டுச் செய்கிற வேலை. சாயங்காலம் எழுந்து நிற்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். அப்போதுதான் ஐரோப்பாவில் இருக்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, போனில் ஆசை காட்டினான். "இங்கயும் அதே வேலைதான் மாமா. ஆனா நேரம் முடிஞ்சா கையைக் கழுவிட்டு வந்துடலாம். முட்டிக்குப் பஞ்சு வச்ச பட்டை குடுப்பாங்க. பாரம் தூக்க மெஷின் இருக்கு. நாலு வருஷம் ஓட்டினா அப்புறம் உக்காந்து சாப்பிடலாம்."

கம்பெனிக்காரர்கள் வீடியோவில் இவன் வேலையைப் பார்த்தார்கள். பிடித்துவிட்டது. ஒப்பந்தம் வந்தது, வேலை அனுமதியும் வந்தது. நாற்பத்தைந்து தாண்டினால் எடுக்கமாட்டார்களாம். இவன் அதன் வாசலில் நின்றான். அடுத்த மாதக் கடைசிக்குள் விசா கிடைக்காவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு. அதற்குப் பிறகு இவனை யாரும் கூப்பிடப்போவதில்லை.

அதன்பின் அலைச்சல் என்றால் அப்படியொரு அலைச்சல். போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறிப்போனதற்குத் தனியாக ஒரு சான்றிதழ். ஒரு ஜன்னலில் கேட்டால் அடுத்த ஜன்னல் என்பார்கள். அடுத்த ஜன்னலில் சாப்பிடப் போயிருப்பார்கள். அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்தது என்பார்களே, இவனுக்கு மிச்சமிருந்த முட்டியும் தேய்ந்தது.

ஒருவழியாக எல்லாம் முடிந்து விசா மையத்துக்குப் போனான். குளிரூட்டிய அறை, வரிசையாக நாற்காலிகள், யாரும் யாருடனும் பேசுவதில்லை. கவுண்டர் பெண் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி விரல்களை வைக்கச் சொன்னாள். வைத்தான். திரையில் ஒன்றும் விழவில்லை.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்கண்ணா."

அழுத்தினான். துடைத்துவிட்டு வைத்தான். ஊதிவிட்டு வைத்தான். டைல்ஸைச் சுவரோடு அழுத்துகிற மாதிரி மொத்த பலத்தையும் போட்டு அழுத்தியதில் பெட்டி நகர்ந்ததுதான் மிச்சம்.

"ரேகையே இல்லையே. என்ன வேலை பாக்குறீங்க?"

"டைல்ஸ் வேலைம்மா. அங்க போறதும் அதுக்குத்தான்."

அவள் பாவம், நல்ல பெண். மாதம் முடிவதற்குள் இன்னொரு தேதி தேடிக் கொடுத்தாள். "அதுவரைக்கும் கைக்கு ஓய்வு குடுங்க, க்ரீம் தடவுங்க, திரும்ப வரும். ஆனா அதுக்கப்புறம் தேதி இல்லண்ணா."

மனைவி அன்றே சட்டம் போட்டாள். வேலைக்குப் போகக்கூடாது. பாத்திரம் தொடக்கூடாது. சட்டைப் பொத்தானைக்கூட அவளே போட்டுவிட்டாள். குளிக்கும்போது கையில் பிளாஸ்டிக் பை கட்டினாள். "புது மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு நடந்திருக்காது" என்று இவன் கிண்டலடித்தால், "வாயை மூடிட்டுக் கையைக் காட்டுங்க" என்பாள். அவளுக்கு ஒரு விடுதியில் சலவை வேலை. கணவன் வீட்டில் உட்கார்ந்துவிட்டதால் காலை வேலையோடு மாலை வேலையையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். நீராவி அறையிலிருந்து முகம் வெந்துபோய் வந்து, தரையில் சரிந்து உட்கார்ந்து, முதல் காரியமாக இவன் விரலை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். ஒரு நாள், "வருதுங்க! கோடு கோடா வருது!" என்று கத்தினாள். இவனுக்கே நம்ப முடியவில்லை. தன் விரலில் இப்படியெல்லாம் சுழி இருந்ததா?

அந்த வீட்டின் குளியலறையைப் பற்றிச் சொல்லாமல் தீராது. ஊரார் வீட்டுக்கெல்லாம் பளிங்குபோல் தரை போட்டுக் கொடுக்கிறவன் வீட்டில், குளியலறையின் ஒரு மூலை அமுங்கித் தண்ணீர் குட்டைபோல நிற்கும். அவள் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டாள். இவனும் அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று சொல்லியே காலத்தை ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மண்டிபோட முட்டி வேண்டாமா?

விசா தேதிக்கு முந்தின நாள் காலையில், தூக்கக் கலக்கத்தோடு உள்ளே போனவள் அந்த மூலையில் வழுக்கி விழுந்தாள். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை. இடுப்பில் சுளுக்கு. தூக்க வந்தவனை, "கை! கை பத்திரம்!" என்று விலக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துத் தானே எழுந்தாள். லீவு போட்டால் மாலை வேலை கைவிட்டுப் போகும் என்று நொண்டிக்கொண்டே கிளம்பினாள்.

இவன் வாசலில் நின்று பார்த்தான். பிறகு பரணிலிருந்து சிமெண்ட் பூசுகிற கரணையை இறக்கினான்.

கையுறை போட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தான், அதைச் சொல்லியாக வேண்டும். பழைய டைல்ஸைப் பெயர்த்து, தரையைத் தூக்கி, தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகிற மாதிரி வாட்டம் கொடுத்துப் பதித்தான். ஆனால் கையுறைக்குள் விரல் குருடாகவே இருந்தது. சரியாக இருக்கிறதா இல்லையா, ஒன்றும் புரியவில்லை. கடைசியில் இடுக்குகளை அடைக்கும்போது வலது கையுறையைக் கழற்றி எறிந்தான். ஒரே ஒரு தடவை தடவிப் பார்ப்போம் என்றுதான். வெறும் விரல் தரையைத் தொட்டதும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. சிமெண்ட்டை அள்ளி, தேய்த்து, வழித்து, மூலை முடிய அதே விரல்கள்தான். பாழாய்ப்போன பழக்கம்! கழுவும்போதுதான் எரிந்தது.

அன்று இரவு, "குழாய் ஒழுகுது, பக்கத்து வீட்ல குளி" என்று பொய் சொன்னான். வேலை அசதியில் அவளும் விரலைப் பார்க்காமல் தூங்கிவிட்டாள்.

மறுநாள் கண்ணாடிப் பெட்டியில் இடது கை பளிச்சென்று விழுந்தது. வலது கையில் கட்டைவிரல், அதற்கடுத்தது, நடுவிரல், மூன்றும் வெறும் வெள்ளை.

"போன தடவையைவிட மோசமா இருக்கே! என்னண்ணா பண்ணீங்க?"

"வீட்ல சின்ன வேலைம்மா."

அவள் மேலதிகாரியைக் கூட்டிவந்தாள். அவரும் துடைத்து, அழுத்தி, பத்து விரலும் விழுந்தால்தான் மனுவை வாங்க முடியும் என்று உதட்டைப் பிதுக்கினார். இவன் சான்றிதழ்க் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

வீட்டில் குளியலறைக் கதவு திறந்திருந்தது. அவள் அதன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"வரல" என்றான்.

"தெரியும். தரையைப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு." சொல்லிவிட்டு வெடித்தாள். "ஒரே ஒரு நாள் பொறுக்க முடியலையா? அந்தக் கையைப் பச்சைப் புள்ளை மாதிரி பாத்துக்கிட்டேனே! ரெண்டு வேலை பாத்தேனே!"

"நீ நொண்டிக்கிட்டுப் போனதைப் பாத்தேன். அப்புறம் எங்க பொறுக்கிறது? நானும் போயிட்டேன்னா நீ விழுந்தா யாரு தூக்குவா?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு குவளைத் தண்ணீரை அந்த மூலையில் ஊற்றினாள். சொட்டு நிற்காமல் ஓட்டைக்குள் போனது. வெறுங்காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். வழுக்கவில்லை.

"பாவி மனுஷா" என்று அழுதுகொண்டே மறுபடி வாசற்படியில் உட்கார்ந்தாள். "இதைப் போன வருஷமே செஞ்சிருந்தா இன்னைக்கு விசா வந்திருக்குமே."

அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தான்.